பல்லை அளக்காமல் சேஸியை அறுக்காதீர்கள்

ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் ரேடியோ கன்ட்ரோல் கார்) வாங்கிய புதிதில் பெரும்பாலானோர் ஒரே வரிசையில்தான் காசு செலவழிக்கிறார்கள். முதலில் பெரிய பிரஷ்லெஸ் மோட்டார். அப்புறம் பளபளக்கும் அலுமினிய பாகங்கள். அப்புறம் அந்த மோட்டார் உட்கார இடமில்லை என்று சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, அறுப்பது. ஸ்பர் கியரின் (மோட்டார் சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம்) பல் வழித்துக்கொண்டு போன பிறகுதான் கியர் பக்கம் பார்வை திரும்புகிறது. இந்த வரிசையே தலைகீழ் என்பது என் உறுதியான கருத்து. சேஸியில் நீங்கள் செய்யும் எந்த மாற்றமாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பினியனுக்கும் (மோட்டார் ஷாஃப்டில் மாட்டும் சிறிய பல்சக்கரம்) ஸ்பருக்கும் நடுவே உள்ள தூரம் மாறாமல் நிற்குமா?

முதலில் பல்லின் அளவைப் பார்ப்போம். அமெரிக்க வழக்கத்தில் பிட்ச்: வட்டத்தின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கு. 32, 48, 64 என்று வரும். எண் கூடக் கூடப் பல் சிறியது. ஜப்பானிய வழக்கத்தில் மாடியூல்: மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தைப் பல் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. இதில் எண் கூடினால் பல் பெரியது. 25.4-ஐ பிட்சால் வகுத்தால் மாடியூல், மாடியூலால் வகுத்தால் பிட்ச் கிடைத்துவிடும். 32 பிட்ச் என்பது ஏறக்குறைய 0.79 மாடியூல், 48 பிட்ச் என்பது 0.53, 64 பிட்ச் என்பது 0.4.

குழப்பம் எல்லாம் 48 பிட்சுக்கும் ஜப்பானிய நிறுவனமான டாமியாவின் 0.6 மாடியூலுக்கும் நடுவில்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கையில் வைத்து ஒட்டிப் பார்த்தால் பல் பல்லுக்குள் இறங்கவும் செய்யும். ஆனால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு உள்ள தூரம் 0.6 மாடியூலில் 1.88 மி.மீ., 48 பிட்சில் 1.66 மி.மீ. ஒவ்வொரு பல்லுக்கும் 0.22 மி.மீ. வித்தியாசம். மோட்டார் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும்போது பிளாஸ்டிக் ஸ்பர் எவ்வளவு நேரம் தாங்கும்? "கொஞ்சம் சத்தம் வருகிறது, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஓட ஓடப் பல்தான் தேயும்.

இதற்கு மாறாக, 32 பிட்சும் 0.8 மாடியூலும் 0.02 மி.மீ. அளவில்தான் விலகுகின்றன. டிராக்சஸ் நிறுவனமே தன் ஸ்லாஷ் 4x4 காரின் 54 பல் ஸ்பரை 0.8 மெட்ரிக், 32 பிட்சோடு பொருந்தும் என்று சொல்லித்தான் விற்கிறது. அதே ஸ்லாஷின் 2WD (இரு சக்கரம் மட்டும் இழுக்கும்) வண்டியில் வழக்கமாக வருவது 86 பல் ஸ்பர், 48 பிட்ச். பெயர் ஒன்று, பல் வேறு. "ஸ்லாஷுக்கு பினியன் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? டாமியாவிலும் இதே கதைதான். அவர்களின் டிடி-02 கார் 0.6 மாடியூல். ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் மாதிரி பழைய பக்கிகளில் (மண் தரையில் ஓட்டும் வண்டிகள்) பல் அதைவிடப் பெரியது.

டிடி-02-ஐ இன்னும் கொஞ்சம் பார்ப்போம். நம் ஊரில் பலர் கட்டிப் பழகுவது அதில்தான். 70 பல் ஸ்பர், 22 பல் பினியன், வண்டிக்குள் இருக்கும் மற்ற கியர்களின் விகிதம் 2.6. ஆக மொத்தம் 8.27: மோட்டார் 8.27 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இரண்டு கியரின் பற்களையும் கூட்டிப் பாதியாக்கி மாடியூலால் பெருக்கினால் நடுத்தூரம் வரும்: 46 பெருக்கல் 0.6, அதாவது 27.6 மி.மீ. பினியனில் ஒரு பல் கூட்டினால் இந்தத் தூரம் 0.3 மி.மீ. நகர வேண்டும். இந்தச் சேஸியில் மோட்டாரை இஷ்டம்போல நகர்த்த நீள்துளை இல்லை. குறிப்பிட்ட பல் எண்ணிக்கைக்குக் குறிப்பிட்ட துளைகள்தான். அதே 70, 22 பற்களோடு இரண்டையும் 48 பிட்சுக்கு மாற்றினால் நடுத்தூரம் 24.3 மி.மீ. ஆகிவிடும். மூன்று மில்லிமீட்டருக்கும் மேல் இடைவெளி! அதனால் 48 பிட்சுக்குப் போக ஆசைப்படுபவர் பினியனோடு ஸ்பர், ஸ்பரைப் பிடிக்கும் அடாப்டர், நகர்த்தக்கூடிய மோட்டார் மவுண்ட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பினியன் மட்டும் வாங்கி வந்து துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்குவது மாற்றம் அல்ல, நாசம். ஸ்க்ரூ பிடிக்கும் இடம் போய்விட்டால் முதல் இடியிலேயே மோட்டார் சாய்ந்துவிடும்.

அலுமினியத்தில் ஒன்றே ஒன்று வாங்குவேன் என்றால் அது மோட்டார் மவுண்ட்தான். பிளாஸ்டிக் மவுண்ட் சூட்டில் இளகும். இளகினால் நடுத்தூரம் மாறும். அலுமினியம் வளையாமல் பிடிப்பதோடு சூட்டையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். சென்னை மே மாத வெயிலில் தார் தரையில் ஓட்டுகிறவர்களுக்கு இது அலங்காரம் இல்லை, தேவை. அந்த மாதங்களில் பினியனில் ஓரிரு பல் குறைத்து ஓட்டுவதும் நல்லது. வேகம் சற்றுக் குறையும், மோட்டார் பிழைக்கும்.

ஸ்பரை இரும்பில் போடலாமா? பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஆன்-ரோடு காருக்கும் பக்கிக்கும் வேண்டாம் என்பேன். பினியன் எஃகில் இருக்கட்டும், ஸ்பர் பிளாஸ்டிக்கிலேயே இருக்கட்டும். ஒரு கல் சிக்கினாலோ சக்கரம் பூட்டிக்கொண்டாலோ முதலில் உடைய வேண்டியது மலிவான ஸ்பர்தான், வீட்டு ஃபியூஸ் மாதிரி. அதை இரும்பாக்கினால் அடி நேராக டிஃபுக்கும் (டிஃபரன்ஷியல்: இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) டிரைவ் ஷாஃப்டுக்கும் மோட்டார் பேரிங்குக்கும் போகும். எட்டில் ஒரு பங்கு அளவுள்ள பக்கிகளின் கதை வேறு. அவை மாடியூல் 1 எஃகு ஸ்பரோடு, அதற்கேற்ற கனமான டிஃபோடு வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் மோட்டார் ஷாஃப்ட் 5 மி.மீ.; பத்தில் ஒரு பங்கு கார்களில் வழக்கமாக வரும் 540 வகை மோட்டாரில் 3.17. பினியன் வாங்கும்போது இந்தத் துளை அளவையும் கேளுங்கள்.

இனி சேஸி. தொட்டி வடிவப் பழைய சேஸிகள் பலவும் உருண்ட முனையுள்ள நிக்கல் பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. சதுர லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) உட்காராது என்று உள்விலாக்களை வெட்டுகிறார்கள். சேஸியின் முறுக்கைத் தாங்குவதே அந்த விலாக்கள்தான். உருண்ட முனை லிப்போ கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பெரிய ஸ்பர் இடிக்கிறது என்று கியர் மூடியைக் கழற்றி எறிவது இன்னும் மோசம்; நம் மைதானங்களில் சிறு கல்லுக்குப் பஞ்சமே இல்லை. கார்பன் தகட்டுச் சேஸி சமமான கம்பளத் தரையில் அருமையாக ஓடும். கரடுமுரடான வாகன நிறுத்துமிடத்தில், கொஞ்சம் வளையும் பிளாஸ்டிக் சேஸிதான் நான்கு சக்கரத்தையும் தரையில் வைத்திருக்கும். ஸ்லாஷ் கவிழ்கிறது என்பவர்களுக்கு, பேட்டரியைத் தாழ்வாக வைக்கும் சேஸி மாற்றம் உண்மையாகவே பலன் தரும்.

எதை மாற்றினாலும் கடைசியில் ஒரு சோதனை. சாதாரணத் தாள் துண்டு ஒன்றை இரண்டு கியருக்கும் நடுவே விட்டுச் சுற்றுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வெளியே வர வேண்டும். ஸ்பரை மூன்று நான்கு இடங்களில் திருப்பி வைத்துப் பாருங்கள், எந்த ஸ்பரும் முழு வட்டமாக இருப்பதில்லை. பினியனின் சிறு ஸ்க்ரூ ஷாஃப்டின் தட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20-இலிருந்து 60 சதவீதமானது, 2023-இல் 70 ஆனது. புது வண்டி வாங்குவது எட்டாத பலர் இருக்கும் வண்டியையே மாற்றி ஓட்டுகிறார்கள். அவர்கள் பொருந்தாத பினியனுக்கும் காசு கொடுத்து வாரக்கணக்கில் காத்திருப்பது வேதனை. உதிரி விற்கும் கடைக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: பாக்கெட்டில் "22 பல்" என்று மட்டும் போடாதீர்கள். பிட்ச் அல்லது மாடியூல், துளை அளவு, எஃகா அலுமினியமா, இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.