வெள்ளிக்கிழமைதான் பேர்

கோஃபி அன்னான் ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்தபோது நம் பத்திரிகைகள் 'கோபி அன்னான்' என்றுதான் போடும். எனக்கு யாரோ நம்ம ஊர் கோபிநாத் மாதிரியே இருக்கும். பல வருடம் கழித்து அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று தேடினேன். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை. அவ்வளவுதான்!

இணையத்தில் சுற்றும் 'ஆப்பிரிக்கப் பெயர்களும் அர்த்தங்களும்' பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். சிங்கத்தின் வீரம், விடியலின் ஒளி என்று அடுக்கியிருப்பார்கள். எந்த நாடு, எந்த மொழி என்று ஒரு வார்த்தை இருக்காது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள். நம் பேரையெல்லாம் ஜப்பான்காரர் பேரோடு சேர்த்து 'ஆசியப் பெயர்கள்' என்று ஒருவர் பட்டியல் போட்டால் சும்மா விடுவோமா? அந்தச் சிங்கங்களையெல்லாம்விட எனக்கு இந்த வெள்ளிக்கிழமைதான் பெரிதாகத் தெரிகிறது.

அன்னானின் நாடான கானாவில், அக்கான் மக்களிடம் குழந்தை பிறந்த கிழமையே அதன் முதல் பேர். ஞாயிறு என்றால் குவாசி, திங்கள் குவாஜோ, சனி குவாமே. பெண்ணுக்கு வேறு வரிசை: ஞாயிறு அகோசுவா, வியாழன் யா, சனி அமா. 1900இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் படை நடத்திய யா அசந்தேவா வியாழக்கிழமைப் பெண். அன்னானின் நடுப்பேர் அட்டா, அதாவது இரட்டைப் பிள்ளை. கூடப் பிறந்த சகோதரி எஃபுவா, அதுவும் வெள்ளிதான். 'அன்னான்' குடும்பப் பேர், அதன் மூலப்பொருள் நாலாவது பிள்ளை. 1938 ஏப்ரல் 8ஆம் தேதி பிறந்தவர். காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன், வெள்ளிக்கிழமையேதான்.

கானாவின் முதல் அதிபர் குவாமே நிக்ருமா கதை இன்னும் சுவாரஸ்யம். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் அவர் பிறந்த நாளை 1909 செப்டம்பர் 21 என்று எழுதிவிட்டார். அது செவ்வாய்க்கிழமை. ஆனால் பேரோ குவாமே, சனிக்கிழமை! பாதிரியார் எழுதியது வெறும் ஊகம், செப்டம்பர் 18ஆக இருக்கலாம் என்று நிக்ருமாவே பிற்பாடு எழுதினார். பதிவேடு தப்பு, பேர் சரி. நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத்தில் பிறந்த எத்தனை பேருக்கு இந்த வசதி உண்டு?

அப்புறம் ஜமைக்கா. அடிமைகளாக அங்கே கப்பலேற்றப்பட்ட அக்கான் மக்களுக்குத் தோட்ட முதலாளிகள் சீசர் என்றெல்லாம் புதுப்பேர் வைத்தார்கள். அப்படியும் கணக்குப் புத்தகங்களில் கஃபி, குவாக்கோ, குவாஷி என்று கிழமைப் பேர்கள் உருமாறி நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை என்று பொருள்பட்ட குவாஷியை அங்கே 'மடையன்' என்ற வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். எனக்கு இதைப் படித்தபோது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் தோட்டங்களிலிருந்து தப்பி மலைக்குள் வாழ்ந்த மரூன் மக்களை அவர்களால் அடக்க முடியவில்லை. 1739இல் ஆங்கிலேய அரசு இறங்கிவந்து அவர்கள் தலைவரோடு ஒப்பந்தம் போட்டது. அதில் அவர் பேர் கேப்டன் கட்ஜோ. குவாஜோ என்பது வெள்ளைக்காரன் காதில் விழுந்த விதம் அது. திங்கட்கிழமை.