வேலைக்குப் போனால் பிப் உதவித்தொகை நின்றுவிடுமா?

"பிரிட்டனில் வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு இனி பிப் கிடையாது, 2025இல் சட்டமே வந்துவிட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

பிப் (PIP) என்பது நீண்டகால நோயாலோ ஊனத்தாலோ அன்றாட வாழ்வில் சிரமப்படுபவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை. 2013இல் தொடங்கிய அது, சம்பளத்தையோ சேமிப்பையோ பார்த்துத் தருவதல்ல. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்றவற்றில் எவ்வளவு சிரமம் என்று பார்த்துத்தான் புள்ளி தருகிறார்கள். தினசரி வாழ்க்கைப் பிரிவில் 8 புள்ளி வந்தால் போதும்.

வதந்திக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி வேண்டும் என்று அரசு 2025இல் விதி கொண்டுவரப் பார்த்தது. சமைக்க, குளிக்க, உடுத்த, கழிப்பறை செல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக்கருவி தேவைப்படுகிறவருக்கு 2 வீதம் 8 வரும். புது விதியில் அவருக்கு அந்தப் பிரிவில் எதுவும் கிடைத்திருக்காது. பயம் நியாயமானதே. ஆனால் எதிர்ப்பு வலுத்ததும் ஜூலையில் அந்தப் பகுதியை மசோதாவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

சரி, உண்மையில் எது மாறியது? வருமானம் குறைந்தவர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட் என்ற வேறொரு உதவித்தொகையில், உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதவர்களுக்குக் கூடுதலாகத் தரும் உடல்நலத் தொகை. ஏப்ரல் 2026 முதல் புதிதாகச் சேருபவர்களில் பெரும்பாலோருக்கு அது ஏறக்குறைய பாதிதான். கடுமையான, வாழ்நாள் முழுக்க நீடிக்கும் நோய் உள்ளவர்களுக்கும் மரணத்தை நெருங்கியவர்களுக்கும் விலக்கு உண்டு. வதந்தி பேசாமல் விட்டது இதைத்தான்.