ஆளாத தலைவர்கள்

சங்கமோ மன்றமோ, ஏதாவது ஓர் அமைப்பில் ஓராண்டாவது செயலாளராக இருந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கும். அமைப்பைக் கெடுக்க வெளியிலிருந்து எதிரி வர வேண்டியதில்லை. பணப்பெட்டியின் சாவி யாரிடம் இருப்பது, மேடையில் நடு நாற்காலியில் யார் உட்காருவது, அறிக்கையின் கீழே யார் கையெழுத்துப் போடுவது என்ற மூன்று கேள்விகளே போதும். அப்படி உடைந்துபோன இரண்டு அமைப்புகளின் மினிட் புத்தகங்களை என் கையாலேயே எழுதியவன் நான். அதனால்தான், குடிநோயிலிருந்து மீள்கிறவர்களின் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 90 ஆண்டுகளாக உடையாமல் இருப்பது எப்படி என்ற கேள்வி என்னைவிட்டுப் போக மறுக்கிறது.

அதன் பன்னிரண்டு படிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பன்னிரண்டு மரபுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. படிகள் ஒரு மனிதனை அவனிடமிருந்தே காப்பாற்றுவதற்கு எழுதப்பட்டவை. மரபுகள் குழுவை அதன் மனிதர்களிடமிருந்து காப்பாற்றுவதற்கு எழுதப்பட்டவை. இந்தப் பதிவு இரண்டாவதைப் பற்றியது. நான் அதன் உறுப்பினனா, உறவினனா, வெறும் பார்வையாளனா என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றில் உறுப்பினர்கள் தம்மை உறுப்பினர்களாக வெளிக்காட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது 11ஆவது மரபு. முகநூலும் அந்த வரிசையில் வருவதுதான்.

ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொள்வது 1935 ஜூன் 10. இடம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரம். பங்குச் சந்தையில் வீழ்ந்த பில் வில்சனும், டாக்டர் பாப் என்று எல்லோரும் அழைத்த அறுவைச் சிகிச்சை மருத்துவரும் அதைத் தொடங்கினார்கள். ஆனால் அதன் ஆட்சிமுறை பிறந்த இடம் ஆக்ரன் அல்ல, நியூயார்க்கில் பில் குடியிருந்த வீட்டின் கூடம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தொடக்க ஆண்டுகளில் ஒருநாள், பில் முன்பு குடிக்காகச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் உரிமையாளர் அவரை அழைத்து, இங்கேயே வேலைக்கு வந்துவிடுங்கள், அறை தருகிறேன், வருமானத்தில் பங்கும் தருகிறேன் என்றார். பில்லின் மனைவி லோயிஸ் ஒரு பல்பொருள் அங்காடியில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மகிழ்ச்சியில் வீடு திரும்பிய பில், அன்று மாலை கூடத்தில் கூடிய குடிநோயாளிகளிடம் செய்தியைச் சொன்னார். யார் முகத்திலும் மலர்ச்சி இல்லை. நீங்கள் ஒருவர் மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதை நாங்கள் இலவசமாக எத்தனை நாள் செய்வோம், இது உங்களை மட்டுமல்ல, எங்கள் எல்லோரையும் பாதிக்கும் என்ற பொருள்பட அவர்கள் பேசினார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோரைக் குடியிலிருந்து எழுப்பியவரே பில்தான். இருந்தும் அவர்கள் சொன்னதைக் கேட்டார், வேலையை மறுத்தார். பின்னாளில் ‘குழு மனசாட்சி’ என்று பெயர் பெற்றது இந்தப் பணிவுதான். தலைவர்கள் நம்பிக்கைக்குரிய சேவகர்களே, அவர்கள் ஆள்வதில்லை என்னும் இரண்டாவது மரபு காகிதத்தில் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு கூடத்தில் நடந்து முடிந்துவிட்டது.

பணத்தைப் பற்றிய மரபுக்குப் பின்னால் இருக்கும் கதை இவ்வளவு அழகானதல்ல. அதனாலேயே எனக்கு அது அதிகம் பிடிக்கும். தொடக்கத்தில் இவர்கள் பணத்தை வெறுத்த துறவிகள் அல்லர். சொந்தமாக மருத்துவமனைகள் கட்ட வேண்டும், ஊதியம் பெறும் ஊழியர்களை ஊர் ஊராக அனுப்ப வேண்டும் என்றெல்லாம் கனவு கண்டார்கள். அதற்காக ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரை அணுகினார்கள். அவர் 1938இல் 5,000 டாலர் மட்டும் கொடுத்தார். அதற்கு மேல் கொடுத்தால் பணமே இதைக் கெடுத்துவிடும் என்று கருதினார். 1940இல் அவர் ஏற்பாடு செய்த விருந்துக்குப் பெரும் செல்வந்தர்கள் வந்தபோதும், அவருக்குப் பதிலாகப் பேசிய மகன் நெல்சன், இந்த வேலையின் பலம் ஒருவர் இன்னொருவருக்குக் கைம்மாறு கருதாமல் செய்வதில்தான் இருக்கிறது என்று பேசி முடித்தார். எதிர்பார்த்த பெருந்தொகை வரவில்லை. முதலில் வாய்க்காத செல்வத்தைப் பிறகு வேண்டாம் என்று ஒதுக்கிக் கொள்கையாக்கினார்கள் என்று கேலி செய்யலாம்தான். ஆனால் பணம் தேடி வரத் தொடங்கிய பிறகும் அந்தக் கொள்கையிலிருந்து இறங்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை. உறுப்பினரே ஆனாலும் மைய அலுவலகமான பொதுச் சேவை அலுவலகத்துக்கு ஓராண்டில் கொடுக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. ‘இதற்கு மேல் கொடுக்காதீர்கள்’ என்று தன் ஆட்களிடமே சொல்லும் அமைப்பு வேறு எதையும் நான் அறியேன்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். எப்படி அங்கே இருந்தேன் என்பதை மேலே சொன்ன காரணத்துக்காக விட்டுவிடுகிறேன். ஒரு சிறிய குழு. மாதம் ஒருமுறை வழக்கமான கூட்டம் முடிந்ததும் நிர்வாக விஷயங்களைப் பேச உட்காருவார்கள். கூடும் அறையின் உரிமையாளர், நல்ல காரியம் செய்கிறீர்கள், இனிமேல் வாடகை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வாக்கெடுப்பில் 14 பேர் ஏற்றுக்கொள்ளலாம் என்றார்கள், 2 பேர் கூடாது என்றார்கள். நான் இருந்த எந்தச் சங்கத்திலும் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இங்கே, கூட்டத்தை நடத்தியவர் தோற்ற இருவரையும் பார்த்து, உங்கள் தரப்பைச் சொல்லுங்கள் என்று கேட்டார். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே, ‘இன்று வாடகை வேண்டாம் என்கிறவர் நாளை தம் மனிதர் ஒருவரை இங்கே பேச வையுங்கள் என்றால் எந்த வாயால் மறுப்போம்?’ என்று மட்டும் கேட்டார். முதலில் ஆதரவாக வாக்களித்த ஒருவர் கையை உயர்த்தி, மறுபடியும் எண்ணலாம் என்றார். எண்ணினார்கள். வாடகை கொடுப்பது என்பதற்கு 13 பேர், எதிராக 3 பேர். இதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பாதி நேரம் எனக்குக் கொட்டாவி வந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

சிறுபான்மைக்குப் பேச இடம் கொடுக்கும் இந்த வழக்கம், நடத்தியவரின் நல்ல குணத்தினால் வந்ததல்ல. உலகச் சேவைக்கான பன்னிரண்டு கருத்துகள் என்று பில் எழுதி, 1962இல் ஏற்கப்பட்ட ஆவணத்தில் ஐந்தாவது கருத்தே சிறுபான்மையினரின் முறையீட்டு உரிமைதான். முக்கியமான முடிவுகளைப் பெரும்பான்மையால் அல்ல, கூடுமானவரை ஏறத்தாழ ஒருமித்த கருத்தால் எடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. குடியை விட்டவனுக்கு மனக்கசப்பு ஆபத்தானது. தோற்ற எரிச்சலோடு வீட்டுக்குப் போகிறவன் வழியில் எங்கே நுழைவான் என்று சொல்ல முடியாது. ஆகவே மற்ற அமைப்புகளுக்கு நாகரிகமாக இருப்பது இவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

மேலே போகப்போக அமைப்பு விநோதமாகிறது. வரைபடத்தில் முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்து, குழுக்களை மேலேயும் அறங்காவலர்களைக் கீழேயும் வைக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பிரதிநிதிகள் வட்டாரமாகவும் பகுதியாகவும் கூடுகிறார்கள். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த அமைப்பில் 93 பகுதிகள் இருக்கின்றன. அவற்றின் பேராளர்கள் ஆண்டுதோறும் பொதுச் சேவை மாநாட்டில் கூடுகிறார்கள். அறங்காவலர்கள் 21 பேர். அவர்களில் 7 பேர் குடிநோயாளிகளே அல்லர். ஒரு காலத்தில் குடிநோயாளி அல்லாதவர்களே பெரும்பான்மையாக இருந்தார்கள்; நாமெல்லாம் ஒரே நேரத்தில் குடிக்கத் திரும்பிவிட்டால் கணக்கை யார் பார்ப்பது என்ற பயம்தான் காரணம். 1966இல்தான் மூன்றில் இரண்டு பங்கு குடிநோயாளிகள் என்று மாற்றும் துணிவு வந்தது.

தேர்தல் முறையும் அப்படித்தான். பேராளராக மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பலமுறை எண்ணியும் யாருக்கும் அது கிடைக்கவில்லையென்றால், முன்னணியில் இருக்கிறவர்களின் பெயர்களைத் தொப்பியில் போட்டு ஒன்றை எடுக்கிறார்கள். முதன்முறை படித்தபோது இது விளையாட்டு என்று நினைத்தேன். இரண்டு சங்கங்கள் 51க்கு 49 என்ற கணக்கில் பிளந்ததைப் பார்த்தவன் என்பதால் இப்போது அப்படி நினைப்பதில்லை. சீட்டில் தோற்றவனுக்கு யார்மீதும் கோபம் இருக்காது.

மேடையை வெறுத்தவர் அல்லர் பில். புகழுக்கான தம் ஆசையைப் பற்றி அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர், 1954இல் யேல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தபோது மறுத்தார். அதைவிடப் பெரிய மறுப்பு ஒன்று இருக்கிறது. ஏ.ஏ.வின் பொறுப்பை நிறுவனர்களிடமிருந்து பிரதிநிதிகளிடம் மாற்ற வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர் அவர்தான், எதிர்த்தது மற்றவர்கள். டாக்டர் பாப் 1950 நவம்பரில் இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு இசைவு தந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் முதல் மாநாடு கூடியது. 1955இல் செயின்ட் லூயிஸ் நகரில் பில் முறைப்படி ஒதுங்கிக்கொண்டார். பதவியைக் கைப்பற்றச் சண்டை போட்ட நிறுவனர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். கைவிடுவதற்காகச் சண்டை போட்டவர்கள் அரிது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, எனக்கு உடன்பாடில்லாத இடத்துக்கு வருகிறேன்.

மையத்துக்கு அதிகாரம் இல்லை என்றால், தவறு நடக்கும்போது தட்டிக்கேட்கவும் மையம் இல்லை. உறுப்பினராவதற்கு ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம், அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை, ஏ.ஏ.விலிருந்து ஒருவரை நீக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. இது ஒரு பெரிய அருள். முன்பு ஒருமுறை, உறுப்பினர் சேர்க்கைக்கு வைத்திருக்கும் விதிகளை எழுதி அனுப்புங்கள் என்று குழுக்களைக் கேட்டார்களாம். எல்லா விதிகளையும் ஒன்றாக நடைமுறைப்படுத்தினால் ஒருவர்கூட உள்ளே வந்திருக்க முடியாது என்பது தெரிந்தது. ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தால் இரைதேடி வருகிறவனுக்கும் திறந்திருக்கிறது. குடியை விட்டுச் சில நாள்களே ஆன, நிலைகுலைந்த பெண்ணிடம் மூத்த உறுப்பினர் ஒருவர் நெருங்கிப் பழகிப் பயன்படுத்திக்கொள்வதை, படிகள் பன்னிரண்டுதான் என்பதால், ‘பதின்மூன்றாம் படி’ என்று உள்ளேயே சொல்கிறார்கள். ஒரு கேட்டுக்குக் கேலிப்பெயர் வைக்கும் அளவுக்கு அது பழகிப்போயிருக்கிறது என்பதே எனக்கு உறுத்துகிறது. புகார் மேலே போனால், ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி உடையது என்ற நான்காவது மரபைச் சொல்லிக் கைவிரித்துவிட முடிகிறது.

அந்த மரபின் மறுபாதியை ஏன் யாரும் சொல்வதில்லை? பிற குழுக்களையோ ஏ.ஏ. முழுவதையுமோ பாதிக்கும் விஷயங்கள் நீங்கலாக என்றுதான் அது முடிகிறது. அந்த நிபந்தனையை எப்போது எடுப்பார்கள் என்பதில்தான் என் வருத்தம். டொரன்டோ நகரில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களின் இரண்டு குழுக்கள், கடவுளைக் குறிப்பிடும் படிகளின் வாசகத்தைத் தங்களுக்கேற்ப மாற்றிப் படித்தன என்பதற்காக, 2011இல் அந்நகரின் ஒருங்கிணைப்பு அமைப்பு அவற்றைக் கூட்டப் பட்டியலிலிருந்தே நீக்கியது. வழக்கு மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போய் 2017இல்தான் சமரசமானது. வாசகம் மாறினால் பட்டியலிலிருந்து நீக்கக் கை நீள்கிறது, ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால் தன்னாட்சி குறுக்கே வருகிறது என்றால், மரபைப் படிக்கிறவர்களிடம்தான் கோளாறு.

அண்மைக் காலமாக, பாதுகாப்பைப் பற்றிக் குழுக்களே பேச வேண்டும் என்று பொதுச் சேவை அலுவலகம் கையேடுகள் வெளியிடுகிறது. கட்டளை அல்ல, ஆலோசனைதான். அவர்களால் முடிந்தது அவ்வளவுதான். தொல்லை கொடுப்பவரை இந்த அறைக்கு வராதே என்று சொல்லக் குழுவுக்கு உரிமை இருக்கிறது, குற்றம் நடந்தால் காவல்துறைக்குப் போவது எந்த மரபுக்கும் விரோதமல்ல என்பதை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மைய அதிகாரத்தை உண்டாக்கித்தான் இதைச் செய்ய முடியும் என்று வாதிடுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. படிகளிலோ மரபுகளிலோ ஒரு சொல்லை மாற்றவே உலகெங்குமுள்ள குழுக்களில் பதில் அனுப்புகிறவற்றில் நான்கில் மூன்று பங்கு எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்று 1976இல் தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். அப்படி ஓர் அதிகாரம் உருவாகும் நாளுக்குக் காத்திருந்தால், இப்போது அறைக்குள் வருகிறவளுக்கு அது உதவாது. அதிகாரம் குழுவிடம்தான் இருக்கிறது. எடுக்க மனம்தான் இல்லை.

வாடகையைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசிய அதே குழுவில், இதை எழுதிப் படிக்கலாம் என்ற யோசனை மூன்று மாதங்களுக்கு முன் வந்தது. அரைப்பக்கக் காகிதம். முதல் இரண்டு வாக்கியங்கள் ஏற்கப்பட்டுவிட்டன. மூன்றாவதில் ‘வெளியேறச் சொல்லலாம்’ என்பதா, ‘வெளியேறச் சொல்ல வேண்டும்’ என்பதா என்று சென்ற மாதம் பேசி முடியவில்லை. அந்த வாடகை விஷயத்தில் உட்கார்ந்தபடியே பேசிய முதியவர், இம்முறை எழுந்து நின்று ‘வேண்டும்’ என்றார். மூவர் எதிர்த்தார்கள். அவர்கள் தரப்பைக் கேட்பதற்குள் அறையைப் பூட்டும் நேரம் வந்துவிட்டதால், அடுத்த மாதக் கூட்டத்தில் முதலில் அவர்கள்தான் பேசுவார்கள்.