அந்த வசனங்களை எழுதியவர் பெயர் பாலகுமாரன்

நேற்று வந்த அந்த வீடியோ நிகழ்ச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'நாயகன்' படத்தின் வசனங்களைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினார்கள். நடிப்பைச் சொன்னார்கள், ஒளிப்பதிவைச் சொன்னார்கள், தோட்டா தரணி போட்ட செட்டைக்கூட மறக்கவில்லை. வசனம் எழுதியவர் பெயர் மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. வீடியோவின் கீழே கருத்துப் பகுதியில் போய் 'வசனம்: பாலகுமாரன்' என்று எழுதினேன். "மாத நாவல் எழுதுவாரே, அவரா அங்கிள்?" என்று ஒரு தம்பி கேட்டார். ராத்திரி தூக்கம் போய்விட்டது.

ஆமாம் தம்பி, அவரேதான். 1987இல் 'நாயகன்', 1991இல் 'குணா', 1995இல் 'பாட்ஷா', 2006இல் 'புதுப்பேட்டை'. நாலு படத்திலும் ஆட்கள் பேசுவது நாலு விதம். வேலு நாயக்கர் பேசுவது போல மாணிக்கம் பேச மாட்டான், மாணிக்கம் மாதிரி கொக்கி குமார் பேச மாட்டான். 2024இல் ஒரு மலையாளப் படம் வந்து 'குணா'வை ஊரே மறுபடி கொண்டாடியது. அப்போதும் இவர் பெயர் என் காதில் விழவில்லை.

'படம் இயக்குநருடையது, வசனகர்த்தாவுக்கு இவ்வளவு ஏன்?' என்று கேட்பீர்கள். சரி, இயக்குநருடையதுதான். வசனத்தில் இயக்குநருக்கும் நடிகருக்கும் பங்கு உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் நேற்று நீங்கள் பேசியதே வசனத்தைப் பற்றித்தானே? அதிலும் பெயரைச் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வீர்கள்?

எங்கள் அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா. கதைப் புத்தகம் தொடாத மனிதர். பாலகுமாரனின் 'இரும்பு குதிரைகள்' நாவல் கல்கியில் தொடராக வந்தபோது அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்து எடுத்து வைப்பார். முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை போட்டு, முதுகில் மைதா பசை தடவிக் காயவைத்தார். ஒருநாள் அப்பா சாப்பிடும்போது அம்மா அதிலிருந்து ஒரு பகுதியைச் சத்தமாக வாசித்தார். அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "இத எழுதினவன் லாரி ஷெட்டுல நின்னிருக்கான்" என்றார். தன் வேலையைப் பற்றி ஒருவர் எழுதுவார் என்று அவர் நினைத்ததே இல்லை. அப்புறம் அம்மா வாசிக்கும் நேரத்துக்குச் சரியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

பாலகுமாரன் டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். திருக்காட்டுப்பள்ளி பக்கம் பழமார்நேரியில் பிறந்து, சென்னையில் சம்பளத்துக்கு உழைத்து, 'கசடதபற' என்ற சிற்றிதழில் கவிதை எழுதி, ஒரு தொழிற்சாலை வேலைநிறுத்தத்தை வைத்து 'மெர்க்குரிப் பூக்கள்' நாவலை எழுதினார். பிறகு அந்த வேலையையும் விட்டுவிட்டு, இயக்குநர் பாலசந்தரிடம் உதவியாளராகப் போய் நின்றார். அந்த வயதில், குடும்பத்தை வைத்துக்கொண்டு! அங்கெல்லாம் காதில் வாங்கிய பேச்சுதான் பிறகு திரையில் வந்தது என்று நான் நம்புகிறேன்.

'நிறைய எழுதி நீர்த்துப் போனார்' என்பார்கள் இலக்கியக்காரர்கள். நூற்றைம்பதுக்கு மேல் நாவல் எழுதினால் சிலது சுமாராகத்தான் இருக்கும். எனக்கும் பிடிக்காதவை உண்டு. 'கடைசியில் சாமியார் மாதிரி ஆகிவிட்டார்' என்பார்கள். அந்தக் கடைசிக் காலத்தில்தான் ராஜராஜனை வைத்து ஆறு பாகம் 'உடையார்' எழுதினார். அவர் வீட்டு விஷயம் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

எனக்கு வலிப்பது வேறு. 'பொம்பளைங்க படிக்கிற கதை' என்று ஒருவர் நேற்று எழுதியிருந்தார். அது என் அம்மாவைச் சொன்னது. பத்தாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டு, அடுப்படியில் உட்கார்ந்து, ஒரு தொழிற்சாலை வேலைநிறுத்தம் எப்படி நடக்கும் என்று அவர் தெரிந்துகொண்டது அந்தக் கதைகளில்தான். அதைக் கேவலம் என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

2018 மே 15, அவர் இறந்த அன்று அம்மா அந்தக் காக்கி அட்டைப் புத்தகத்தை எடுத்துத் துடைத்தார். தையல் அவிழ்ந்திருந்தது. ஊசி நூல் கேட்டார். கண் தெரியவில்லை என்பதால் நான்தான் கோத்துக் கொடுத்தேன்.

நிகழ்ச்சியை நடத்திய நண்பர்கள் இதைப் படித்தால், வீடியோவின் கீழே அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். வசனம்: பாலகுமாரன்.