நைட்டி போட்ட பெடியளும் எங்கட பகிடிக்காரிகளும்

யூடியூப்பில் இலங்கையின் வன்னி, எங்கட பக்கத்து நகைச்சுவை வீடியோ ஒன்றைத் திறந்து பாருங்கள். பத்துக்கு எட்டில் ஒரு பெடியன் நைட்டி போட்டு, தலையில் துவாயைச் சுத்திக்கொண்டு, கீச்சுக் குரலில் "இஞ்சேருங்கோ" என்று வருவான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிக்கிறனான், ஏன் மறைப்பான்? ஆனால் அவன் யாரைப் பார்த்து அதைச் செய்கிறான் என்று யோசித்தால்தான் எரிச்சல் வருகிறது. தன்ர அம்மாவை, மாமியை, சங்கக்கடை வரிசையில் நின்று முழு ஊர்க் கதையும் அளக்கிற அந்த அன்ரியைப் பார்த்துத்தானே? பகிடியின் சொந்தக்காரி அடுத்த வீட்டில் உயிரோடு இருக்கிறாள், அவளைக் கூப்பிட்டு நடிக்கக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முந்தி அப்படித்தானே என்பீர்கள். சரி. முல்லைத்தீவு முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தில் கண்ணகியாகவும் மாதவியாகவும் ஆண்கள்தான் ஆடினார்கள், விடிய விடிய இருந்து பார்த்த சனத்துக்கு அது குறையாகப் படவில்லை. அது கூத்து, அதற்கென்று ஒரு மரபு இருக்கிறது, அதில் நான் கை வைக்கவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்தில் எடுக்கிற வீடியோவுக்கு எந்த மரபு தடையாக இருக்கிறது?

வானொலியை எடுங்கள். இலங்கை வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' என்றொரு தொடர் போனது, எங்கட அப்பா அம்மாமாருக்கு அது உயிர். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், அப்துல் ஹமீது என்று நாலு பேர். ஒருவர் முஸ்லிம் மக்களின் தமிழ், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் சிங்களவர் கதைக்கிற தமிழ், ஒருவர் ஐயர் தமிழ். 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. நாட்டில் உள்ள அத்தனை விதமான தமிழும் பகிடிக்கு வந்தது, ஆனால் நாலு தூணும் ஆண்கள். பெண் குரல் இல்லாமலா? ராஜேஸ்வரி சண்முகம் நாடகக் கலைஞராக உள்ளே போய் அறிவிப்பாளராகி 'வானொலிக் குயில்' என்று பெயர் எடுத்தவர், 2012இல் காலமாகும் வரை அந்தக் குரலுக்கு ஈடு சொல்ல ஆள் இல்லை. குயில் என்ற பட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பெண் குரல் என்றால் இனிக்க வேண்டும், உருக வேண்டும். வயிறு நோகச் சிரிக்க வைக்கிறவளுக்கு நாங்கள் வைத்த பட்டம் 'வாய்க்காரி'.

தொண்ணூறுகளில் வன்னிக்குள் இருந்தவர்களுக்கு ஒரு குரலின் பெறுமதி என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. யுத்த நேரம், கரண்ட் இல்லை, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயரை இழுத்து றேடியோவில் கொழுவி, ஒருத்தர் பெடலைக் கையால் சுற்றச் சுற்ற மற்றவர்கள் சுற்றிவர இருந்து கேட்பார்கள். சுற்றுகிறவனுக்குக் கை களைத்தால் சத்தம் அப்படியே அமுங்கும், எல்லாரும் சேர்ந்து "சுத்தடா சுத்தடா" என்று கத்துவார்கள். செய்திக்கு மட்டுமில்லை, நாடகத்துக்கும் அப்படித்தான் சுற்றினார்கள். முகமே தெரியாத ஒருவருடைய குரலுக்காக இப்படிக் கை நோக வேலை செய்த சனம் நாங்கள். அந்தச் சனத்துக்குள் இருந்து ஒரு குரல் நடிகை வரமாட்டாள் என்றால் நான் நம்பமாட்டேன்.

அக்கரையில், தமிழ்நாட்டில், என்ன நடந்தது என்று பார்ப்போம். கோவை சரளா எண்பதுகளின் தொடக்கத்திலேயே படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். கொங்குத் தமிழை அவர் ஒரு நாளும் கழுவித் துடைக்கவில்லை. 1995இல் 'சதி லீலாவதி'யில் கமல்ஹாசனுக்குச் சோடியாக அந்தத் தமிழிலேயே கதைத்து, தமிழ்நாடு அரசின் சிறந்த நகைச்சுவை நடிகர் விருதையும் எடுத்தார். அப்புறம் தொலைக்காட்சிப் பகிடி மேடைகள் வந்தன. விஜய் டிவியின் 'கலக்கப் போவது யாரு' மேடையில் ஏறிய அறந்தாங்கி நிஷாவைப் பாருங்கள், பட்டிமன்றம் பேசிப் பழகிய வாய், புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு, தன் நிறத்தையும் உடம்பையும் தானே நக்கலடித்து மற்றவன் நக்கலடிக்க இடம் வைக்காத கெட்டித்தனம். (அந்த நிகழ்ச்சிகளில் உருவத்தை வைத்துப் பகிடி பண்ணுவது அளவு கடந்து போகிறது, அதற்கு வேறு பதிவு எழுத வேண்டும்.) இரண்டு பேரும் ஊர்ப்பெயரைத் தலையில் வைத்துக்கொண்டே முன்னுக்கு வந்தவர்கள். மாங்குளம் இன்னார், விசுவமடு இன்னார் என்று எங்களிடம் யார்?

மாங்குளம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் மாங்குளம் பெயர் வருகிறது. அதில் எங்கட ஊர்ப் பெண் எதற்கு வருகிறாள்? அழுவதற்கு. தென்னிந்தியத் திரையில் ஈழத்துப் பெண் பெரும்பாலும் பிள்ளையைத் தொலைத்திருப்பாள், இல்லாவிட்டால் துவக்கு வைத்திருப்பாள், அதுவும் இல்லாவிட்டால் முகாமில் இருப்பாள். எங்கட தமிழில் பகிடி விட 2000இல் 'தெனாலி' என்று ஒரு படம் வந்தது, அதில் பகிடி விட்டவரும் ஆண், கமல்ஹாசன். 2019 பிக் பாஸில் கிளிநொச்சிப் பிள்ளை லொஸ்லியா போன நேரம் அவவின் தமிழைக் கேட்டு அங்கே சனம் உருகியது. நல்ல விசயம்தான், ஆனால் திரும்பவும் அதே குயில் கதை. எங்கட தமிழ் தேன் மாதிரி இருக்கிறதாம். எங்கட மாமிமார் வேலிக்கு மேலால் சண்டை பிடிப்பதை ஒருக்கால் கேட்டிருந்தால் தேன் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

குரல் நடிப்பை லேசான வேலை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குக் குரல் கொடுத்தவர் நடிகை ரோகிணி. பார்க்கிற சனத்துக்கு அது தெரியவே தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி. இருட்டறையில் தனியாக நின்று, காதில் ஹெட்போனோடு, இன்னொருத்தியின் உதட்டைப் பார்த்து, அவள் மூச்சு எடுக்கிற இடத்தில் தானும் மூச்சு எடுக்க வேண்டும். பகிடி என்றால் இன்னும் கஷ்டம். மேடையில் சனம் சிரிக்கிற சத்தத்தை வைத்து அடுத்த வரியைத் தள்ளிப் போடலாம், அந்த அறைக்குள் சிரிக்க ஒருத்தரும் இல்லை. எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பது தன் மனக்கணக்கில்தான்.

அந்தக் கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளை எங்கட ஒழுங்கையில் இருக்கிறாள். பெயர் சொல்லவில்லை, வீட்டில் பிரச்சினை வரும். டிக்டொக்கில் முகம் காட்டாமல் குரல் மட்டும் போடுகிறவள். கனடாவில் இருக்கிற மகனுக்குப் போன் எடுக்கிற ஒரு கிழவியைச் செய்வாள் பாருங்கள். "தம்பி, அங்க குளிரேடா? இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை. காசு கேக்க எடுக்கேல்ல, சும்மாதான் எடுத்தனான்." அதோடு நிற்பாட்டுவாள். வெற்றிலையை ஒரு கொடுப்பில் இருந்து மற்றக் கொடுப்புக்கு மாற்றுகிற சத்தம் மட்டும் வரும். பிறகு ஒரு பெருமூச்சு. "கிணத்து மோட்டர்தான் கொஞ்சம் முக்குது." நான் சிரித்துப் புரையேறிப் போனேன். அந்த மோட்டருக்கு முன்னால் விடுகிற இடைவெளியை யாரும் அவளுக்குப் படிப்பிக்கவில்லை.

இந்தப் பிள்ளைக்கு இதுவரைக்கும் காசு வந்த குரல் வேலை என்ன தெரியுமோ? மரண அறிவித்தல். வெளிநாட்டுக்கு அனுப்புகிற கண்ணீர் அஞ்சலி வீடியோக்களுக்கு வாசிக்கிறாள், "அன்னார் காலஞ்சென்றவர்களான" என்று. ஒருக்கால் ஒரு கடை விளம்பரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய் எங்கட தமிழில் அசத்தலாகச் செய்து காட்ட, "தங்கச்சி, கொஞ்சம் இந்தியத் தமிழில செய்யுங்கோ, அப்பதான் ஸ்டைலா இருக்கும்" என்றாராம் முதலாளி. கடை இருக்கிறது கிளிநொச்சியில், சாமான் வாங்குவது பரந்தனிலும் தருமபுரத்திலும் இருந்து வருகிற சனம், விளம்பரம் மட்டும் சென்னையில் இருந்து பேச வேண்டுமாம். வீட்டில் அதற்கு மேலால், "உவளுக்கு வாய் கூடிப்போச்சு, நாளைக்கு ஆர் கட்டுவான்?" செத்தவீட்டு அறிவித்தல் வாசித்தால் கௌரவம், சிரிக்க வைத்தால் கலியாணம் குழம்பிவிடும். இது என்ன விசர்க் கணக்கு?

பெரிய கனவெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். யூடியூப் பெடியள் அந்த நைட்டியைக் கழற்றி வைத்துவிட்டு மாமி வேடத்துக்கு ஒரு மாமியைக் கேட்டுப் பாருங்கள், மாட்டேன் என்று சொன்னால் பிறகு போடுங்கள். டெங்கு, கண்ணிவெடி, போதைப்பொருள் என்று விழிப்புணர்வு நாடகம் போடுகிற நிறுவனங்கள் அழுகிற அம்மா வேடத்தோடு ஒரு நக்கல் பிடிச்ச அம்மாவையும் எழுதுங்கள், சனம் அவள் சொன்னதைத்தான் வீட்டில் போய்த் திருப்பிச் சொல்லும். கடை விளம்பரம், கார்ட்டூன், கதைப்புத்தக ஒலிப்பதிவு என்று குரல் தேவைப்படுகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன். காசு முதலே பேச வேண்டும், "தெரிஞ்ச ஆக்கள்தானே" என்று ஓசியில் கேட்கிறவர்கள் தயவு செய்து வராதீர்கள்.