பழைய கேம்களைக் கடைசிவரை ஆடுங்கள்

பழைய கேம்களைச் சேர்த்து வைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆடி முடிப்பவர்கள் ரொம்பக் குறைவு. தள்ளுபடி வந்தால் வாங்கிப் போடுகிறோம். ஒரே பெட்டியில் ஆயிரக்கணக்கான கேம் என்று விற்கும் கருவியை ஆசையாக வாங்குகிறோம். ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் தொட்டுவிட்டு, "அட, இதைச் சின்ன வயசில் ஆடியிருக்கேன்" என்று சொல்லி அடுத்ததற்குத் தாவுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிடித்த ஒரு கேமை எடுத்தால் அதன் முடிவுவரை போய்ப் பார்க்க வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தொண்ணூறுகளில் பினாங்கில் வளர்ந்த எங்களுக்கு அசல் கேம் என்பது கடைக் கண்ணாடிக்குள் பார்க்கிற பொருள். எங்கள் கைக்கு வந்தது மைக்ரோ ஜீனியஸ் என்ற நகல் கேம் பெட்டி, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய கேசட், யாரோ காப்பி அடித்துக் கொடுத்த டிஸ்கெட், அப்புறம் கொம்தார் கட்டடம் பக்கம் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்ற சிடி. அட்டைப்படம் ஜெராக்ஸ். விளக்கப் புத்தகம் கிடையாது. கேம் பாதியில் நின்றால் நின்றதுதான். அதனால் எங்கள் தலைமுறைக்குத் தொடக்கங்கள் எல்லாம் மனப்பாடம். முடிவு எப்படி என்று கேட்டால் பதில் இருக்காது.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் டூ கணினிக்காக எழுதியது. நாங்கள் ஆடியது அதன் டாஸ் பதிப்பு, அதாவது பழைய பிசியில் ஓடுவது. முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை நிறைய மருந்துக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் ஆங்கில எழுத்து. விளக்கப் புத்தகத்தில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல்லின் முதல் எழுத்து எது என்று கேட்கும். அந்த எழுத்துள்ள குப்பியைக் குடித்தால்தான் மேற்கொண்டு போக முடியும். அசல் வாங்கியவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை. புத்தகமே இல்லாத எங்களுக்கு அது சுவர். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் எந்தக் கேள்விக்கு எந்த எழுத்து என்று பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவது எங்களுக்குப் பெரிய காரியம்.

அப்படித் தாண்டியும் அறுபது நிமிடக் கெடுவுக்குள் போய் இளவரசியைக் காப்பாற்ற முடிந்ததில்லை. வளர்ந்து, வேலைக்குப் போய், போன வருடம்தான் உட்கார்ந்து முழுதாக ஆடினேன். அப்போதுதான் அந்தக் கேம் எவ்வளவு பெரிய வேலை என்று புரிந்தது. நான்காம் கட்டத்தில் வழியை மறித்து ஒரு நிலைக்கண்ணாடி நிற்கிறது. ஓடி வந்து அதற்குள் பாய்ந்தால் நம் நிழல் பிரிந்து மறுபுறம் ஓடிவிடுகிறது. அதிலிருந்து அது நம்மை விடுவதில்லை. ஐந்தாம் கட்டத்தில் நாம் குடிக்க வேண்டிய மருந்தை முந்திக்கொண்டு குடிக்கிறது. ஆறாம் கட்டத்தில் நாம் தாவுகிற நேரம் பார்த்துக் கதவை இறக்கிப் பள்ளத்தில் தள்ளுகிறது. பன்னிரண்டாம் கட்டத்தில் வாளோடு எதிரே வந்து நிற்கிறது. அதை ஒரு வெட்டு வெட்டினால் நம் உயிரும் ஒன்று குறையும். அதைக் கொன்றால் நாமும் காலி. வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கிப் போக வேண்டும், இரண்டும் ஒன்றாகிவிடும். அதன்பிறகு தரையே இல்லாத வெளியில் துணிந்து ஓடினால் காலடியில் கல் முளைக்கிறது. சண்டை போடத்தான் வாள் என்று அதுவரை பழக்கிவிட்டு, கடைசியில் அதைக் கீழே இறக்கு என்று கேட்கிறது கேம். முதல் மூன்று கட்டங்களோடு எழுந்து போனவருக்கு இது எப்படித் தெரியும்?

அந்த நிழல் பிறந்த கதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் இளவரசனின் அசைவுகளை வரைந்தார். அதற்கே ஆப்பிள் டூவின் நினைவகம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எதிரிக்குத் தனியாக உருவம் வரைய இடமில்லை. அதே இளவரசன் படத்தை ஒரு புள்ளி தள்ளி அதன் மேலேயே வைத்து, புள்ளிகளை ஒன்றுக்கொன்று கழித்தபோது மினுமினுக்கிற ஒரு பேய் உருவம் கிடைத்தது. இடமில்லாத குறையில் பிறந்ததுதான் அந்தக் கேமின் உயிரான பாத்திரம். அந்த மூல நிரல் இருந்த வட்டுகளே காணாமல் போய், 2012-இல் அவருடைய அப்பா வீட்டில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து கண்டெடுத்தார்.

அடுத்தது மெட்டல் கியர் சாலிட், 1998. மெட்டல் கியர் என்ற அணு ஆயுத இயந்திரத்தைத் தடுக்கப் போகிறவனாக நாம் ஆடும் கேம். இதில் ஓர் இடத்தில் மெரில் என்ற பெண்ணை வானொலியில் கூப்பிட வேண்டும். அலைவரிசை எண் சிடி பெட்டியின் பின்னட்டையில் இருக்கிறது என்று சொல்வார்கள். கேமுக்குள் கிடைக்கும் பொருள் இல்லை அது. கடையில் வாங்கிய உண்மையான பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ வெறும் பிளாஸ்டிக் உறை. என் அண்ணன் 140.00-இலிருந்து ஒவ்வோர் எண்ணாக ஏற்றி அழைத்துப் பார்த்தான். 140.15 வந்ததும் மெரில் பேசினாள். வீடே அதிரும்படி கத்தினோம், அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். ஆனால் அந்த மகிழ்ச்சி முதல் சிடியோடு முடிந்தது. இரண்டாவது சிடி எங்கள் இயந்திரத்தில் ஏறவே இல்லை. விற்றவரிடம் கொண்டுபோனபோது மாற்றித் தர மறுத்துவிட்டார்.

2023 அக்டோபரில் இந்த வரிசையின் பழைய கேம்களைத் தொகுத்து மறுபடி வெளியிட்டார்கள். நான் வாங்கி, அண்ணனையும் வீட்டுக்கு வரச் சொல்லி, இரண்டாவது சிடியின் பகுதியை இருவருமாக ஆடினோம். அதில் ஒரே சாவி மூன்று சாவியாக வேலை செய்கிறது. சாதாரணச் சூட்டில் மஞ்சள், குளிரில் நீலம், வெப்பத்தில் சிவப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் உருவம் மாறும். குளிர்ந்த கிடங்குக்கு நடந்துபோய்க் குளிர வைத்து, உலைக்களத்துக்குப் போய்ச் சூடேற்றி, மறுபடி ஓடி வந்து சொருக வேண்டும். இவ்வளவு பாடுபட்டு மூன்றையும் போட்டு முடித்தால், மெட்டல் கியரை நிறுத்துவதற்காக நாம் செய்த வேலை அதை உயிர்ப்பித்துவிடுகிறது. அண்ணன் பேசாமல் கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டான். முதல் சிடியின் சித்திரவதைக் காட்சியில் பொத்தானை விடாமல் அழுத்தித் தாங்கினோமா, விட்டுக்கொடுத்தோமா என்பதைப் பொறுத்துத்தான் மெரில் பிழைப்பதும் இறப்பதும். சின்ன வயதில் கட்டைவிரல் வீங்க வீங்க அவன் அழுத்திய அந்த இரவுக்கு ஒரு பொருள் இருந்தது என்று இத்தனை வருடம் கழித்து அவனுக்குத் தெரிந்தது.

"யூடியூபில் முடிவைப் பார்த்துக்கொள்ளலாமே" என்று சொல்பவர்களுக்கு: கதையைப் பார்க்கலாம். வாளை இறக்கும்போது வரும் பயத்தை எப்படிப் பார்ப்பீர்கள்? அது ஆடுகிற கையில் மட்டும்தான் இருக்கிறது.

அதற்காக வீரம் காட்டச் சொல்லவில்லை. நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்வது, தப்பினால் பின்னோக்கி ஓட்டுவது, எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கு அந்த வசதி வேண்டும். அந்தக் காலத்துக் கஷ்டத்தில் பாதி, காசு போட்டு ஆடும் இயந்திரங்களிலிருந்து வந்த பழக்கம். ஆள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் கடைசி எதிரியைக் கொன்றதும் இது வெறும் மாயை என்று சொல்லி முதல் கட்டத்துக்கே திருப்பி அனுப்பும், உண்மையான முடிவுக்கு இரண்டாம் முறை முழுதாக ஆட வேண்டும். பின்னோக்கி ஓட்டித்தான் இரண்டு சுற்றையும் முடித்தேன், அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வழிகாட்டிக் குறிப்புகளைத் திறப்பதை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். புதிரை நாமே அவிழ்க்கும் இன்பத்தை அது எடுத்துவிடும்.

இதை இப்போது அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் என் அக்காள் மகன். எப்போது பார்த்தாலும் கைப்பேசியில் மொபைல் லெஜண்ட்ஸ். ஒரு சீசன் முடிந்தால் அடுத்தது. "இது எப்போடா முடியும்?" என்று கேட்டேன். "முடியாது மாமா" என்றான். முடிவே வைக்காமல் கட்டிய கேம் ஒருவனைப் போக விடுவதில்லை. அவனை உட்கார வைத்துப் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைக் கொடுத்தேன். எட்டாம் கட்டத்தில், அடைபட்ட கதவின் முன் அவன் நிற்கும்போது இளவரசி அனுப்பிய வெள்ளெலி வந்து விசைக்கல்லை மிதித்துத் திறந்துவிட்டது. "யார் மாமா இதை யோசிச்சது?" என்று கேட்டான். கிட்டத்தட்ட ஒருவரே தனியாக எழுதிய கேம் இது என்று சொன்னேன். நம்பவில்லை.

காலமும் நம் பக்கம் இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கவே கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டது. அதே வருடம் மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கேம் கருவிகளுக்கான இணையக் கடைகளை மூடியது. பல கேசட்டுகளில் நம் சேமிப்பைக் காத்து வைப்பது உள்ளே இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரி. அது தீர்ந்தால் எல்லாம் அழிந்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் செம்புத் தகடு பச்சை பூக்கிறது, சிடியில் பூஞ்சை ஏறுகிறது.

பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஒரு பெரியவரிடம் அண்மையில் நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கேசட் ஒன்று வாங்கினேன். செய்கென் டென்செட்சு 3, 1995. பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் நனைத்துத் தகட்டைத் துடைத்துப் போட்டதும் ஓடியது. யாரோ ஒருவர் சேமித்த ஆட்டம் இன்னும் உள்ளே இருந்தது, பாதி வழியில். ஜப்பான் மொழி தெரியாமலேயே அவர் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும். ரசிகர்கள் அதை 2000-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள், அதிகாரப்பூர்வமாக வந்ததோ 2019-இல். ஆறு பேரில் மூவரை நாம் தேர்ந்தெடுக்க, அவர்களில் முதன்மையானவர் யார் என்பதைப் பொறுத்துக் கடைசி எதிரியே மாறுகிற கேம் அது. அடுத்து அதைத்தான் முடிக்கப் போகிறேன், அவர் சேமித்ததை அழிக்காமல்.

என்னிடம் கூடுதலாக ஒரு பிளேஸ்டேஷனும் நல்ல மெமரி கார்டும் சும்மா கிடக்கின்றன. பினாங்குத் தீவிலோ செபராங் பிறையிலோ இருப்பவர்கள், பாதியில் விட்ட கேம் எது, எந்த இடத்தில் நின்றது என்று எழுதுங்கள். முடிக்கிறவரை இரவலாக வைத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.