எரிகிற கடைக்குள் சாமான் எடுக்க ஓடுகிறவர்களுக்கு

கடை பற்றினால் எங்கட சனம் முதலில் உள்ளுக்குப் போய்ச் சாமானை இழுத்து வெளியே போடும். மறித்தால் வருகிற பதில் ஒன்றுதான்: "இது பிளாட் (கொங்கிறீற்றுத் தட்டு) போட்ட கட்டடம் அண்ணை, விழாது." என்னைக் கேட்டால், நெருப்பு என்று வந்தால் இருபது மாடிக் கட்டடத்தை விட ஏ9 வீதிக் கரையில் நிற்கிற மூன்று மாடிக் கடைக்குத்தான் கூடப் பயப்பட வேண்டும்.

லண்டன் கிரென்ஃபெல் கட்டடம் 24 மாடி. 2017 இல் விடிய விடிய எரிந்தது, 72 பேர் செத்தார்கள், ஆனால் கொங்கிறீற்றுக் கூடு நின்றது. அதே வருடம் ஜனவரியில் தெஹ்ரானில் பிளாஸ்கோ கட்டடம் எரிந்தது. 17 மாடி, இரும்புச் சட்டகம், உள்ளே நிறையத் தையல் பட்டறைகள். மூன்றரை மணித்தியாலம் அளவில் உள்ளே நின்ற தீயணைப்பு வீரர்களோடு இடிந்து விழுந்தது. அதனால்தான் அனுபவமுள்ள தீயணைப்புக்காரர் மாடியை எண்ணுவதற்கு முதல் மூன்று விசயம் பார்ப்பார்: பாரத்தைத் தாங்குவது எது, நெருப்பு எவ்வளவு நேரமாக அதில் படுகிறது, மேலே என்ன பாரம்.

எங்கட ஊரில் மூன்றுக்கும் பதில் நல்லதாக இல்லை. ஒரு தட்டுக்குப் போட்ட தூணில், மேலே நீட்டிவிட்ட கம்பியைப் பிடித்துப் பத்து வருடம் கழித்து இன்னும் இரண்டு தட்டு ஏற்றுவார்கள். அவ்வளவு மாரியிலும் நனைந்து கறள் கட்டிய கம்பி அது. சில சுவரில் யுத்தத்தில் செல் பட்ட வெடிப்புப் பூச்சுக்குள் ஒளிந்திருக்கும். மொட்டைமாடியில் ஆயிரம் லீற்றர் தாங்கி இரண்டு இருந்தால் அதுவே இரண்டு தொன்.

பிளாட்டைத் தாங்கும் கம்பி அடிப்பக்கத்தில் கிடக்கிறது. நெருப்பு அடிப்பதும் அங்கேதான். நடுவில் இருப்பது ஓர் அங்குலச் சீமெந்து மட்டும். கம்பியைப் பலகையில் படாமல் தூக்கிவைக்கிற கவர் கல் வைக்காமல், கம்பியைப் பலகையில் படுக்கவிட்டுக் கொங்கிறீற் கொட்டியிருந்தால் அதுவும் இல்லை. சூடேற உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகும். சீனவெடி மாதிரிச் சத்தத்தோடு உள்ளங்கை அளவு செதில்கள் தெறிக்கும். செதில் விழுந்து கம்பி தெரிகிறதா, உடனே வெளியே வந்துவிட வேண்டும். 550, 600 பாகை செல்சியசில் கம்பியின் பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். புடவைக்கடையிலும் பிளாஸ்ரிக் சாமான் கடையிலும் முகட்டுக்குக் கீழே அந்தச் சூடு வரக் கனநேரம் தேவையில்லை.

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்தில் இருந்துதான் வர வேண்டியிருந்தது. வண்டி வந்து நின்ற நேரத்தில் இருந்து எண்ணுவது பெரிய பிழை. கட்டடம் தீப்பற்றிய நேரத்தில் இருந்துதான் கணக்கு.

அரிசி ஆலைகளும் நெல் களஞ்சியங்களும் வேறு சாதி. சீமெந்துக் கல் சுவரின் தலையில் இரும்புக் கூரைச் சட்டம். பத்து மீற்றர் இரும்பு 500 பாகை சூடேறினால் ஆறு சென்ரிமீற்றர் நீளும். அது முதலில் சுவரை வெளியே தள்ளும், பிறகு துவண்டு தொங்கி உள்ளே இழுக்கும். தண்ணீரும் பாரம்தான். நிமிடத்துக்கு 500 லீற்றர் அடித்தால் பத்து நிமிடத்தில் ஐந்து தொன். அடித்தது வாசலால் வடிந்து வராவிட்டால் உள்ளேதான் நிற்கிறது என்று அர்த்தம். நெல்மூட்டையும் துணிக்கட்டும் அதைக் குடித்துவிடும். நனைந்த நெல் ஊதும். சுவரோடு சேர்த்து அடுக்கியிருந்தால் சுவரையே தள்ளிவிடும். நெருப்பு அணையாமல் இருப்பதைப் பார்க்கிற அளவுக்கு இதை ஒருவரும் பார்ப்பதில்லை.

2001 இல் நியூயோர்க்கில் உலக வர்த்தக மையத்தின் 47 மாடி ஏழாம் இலக்கக் கட்டடம் ஒரு பக்கம் வீங்குவதைக் கண்டு, நில அளவையாளர் பாவிக்கிற கருவியை அதன் மேல் குறிவைத்துப் பார்த்தார்கள். ஆட்களை விலக்கினார்கள். பின்னேரம் 5.20 அளவில் அது விழுந்தபோது ஒருவரும் சாகவில்லை. கருவி இல்லையா, லைற் போஸ்ற் போதும். ஓரிடத்தில் அசையாமல் நின்று சுவர் விளிம்பைப் போஸ்ற்றோடு ஒரே கோட்டில் பிடியுங்கள். இடைவெளி மாறினால் சுவர் நகர்கிறது. ஒரு ஆளுக்கு இது மட்டும்தான் வேலை, குழாய் பிடிக்க அவரைக் கூப்பிடக் கூடாது. சற்றுமுன் சுகமாகத் திறந்த சட்டர் இறுகினாலும், வெடிப்பு அகலித்து அதனால் புகை வந்தாலும், பிளாட்டின் நடுவில் தண்ணீர் குளம் கட்டினாலும் அவர் கத்த வேண்டும்.

விலகி நிற்கும் தூரம் சுவர் உயரத்தின் ஒன்றரை மடங்கு. 12 மீற்றர் சுவருக்கு 18 மீற்றர். றோட்டுக்கு எதிர்க்கரையில் ஃபோனோடு நிற்கிறவர்களில் பாதிப்பேர் அதற்குள்தான் நிற்கிறார்கள். வண்டியை முகப்புக்கு நேரே விடாமல் மூலைப்பக்கம் விட வேண்டும்.

நெருப்பு அணைந்த பிறகும் சூடு கொங்கிறீற்றுக்குள் மணித்தியாலக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். நீண்ட இரும்பு ஆறும்போது சுருங்கி மூட்டுகளை இழுக்கும். முதலாளி கல்லாப்பெட்டி தேடி உள்ளே போகிற நேரமும் அதுதான். அடுத்த கிழமை மேசன் வந்து கரியைச் சுரண்டிப் பூசி வெள்ளையடித்துவிடுவார். அதற்கு முன் ஒரு சுத்தியலால் தூணையும் பீமையும் தட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நல்ல இடம் "ணங்" என்று கேட்கும். "டொக்" என்று கேட்கிற இடத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பூச்சுக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.